வெஸ்டியா, கெய்ர்னா? குட்டி டெரியர் வளர்க்க நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

வீடு அடங்கின பிறகு, ராத்திரி 12 மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வரும். சளப், சளப், சளப். விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தால் எங்கள் வெஸ்டி நாய் முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். "போதும்டா" என்றால் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். விளக்கை அணைத்ததும் மறுபடி தொடங்கும். வெள்ளை வெளேரென்று இருந்த பாதம் இரண்டே மாதத்தில் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாக மாறியிருந்தது. அப்போது அதற்கு வயது ஒன்றரை. அதன் பிறகு கடைசி வரைக்கும் அந்தத் தோலைக் கவனிப்பது எங்கள் வீட்டின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இப்போது எங்களோடு இருப்பது ஒரு கெய்ர்ன் டெரியர். இரண்டோடும் வாழ்ந்து பார்த்துவிட்டதால், "குழந்தைகளுக்காகச் சின்னதாக ஒரு டெரியர் எடுக்கலாம் என்று இருக்கிறோம், இந்த இரண்டில் எது நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்கும்போதே வெள்ளை நாயின் படத்தைக் கையில் வைத்திருப்பார்கள். குணத்தில் இந்த இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான். பெரிய வித்தியாசம் தோலில் இருக்கிறது. அந்தத் தோலைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டில் நேரமும் பொறுமையும் உண்டா என்பதை வைத்து முடிவெடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே கூட்டத்துப் பிள்ளைகள்

வெஸ்டி என்று நாம் செல்லமாகச் சொல்வது வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியரை. இதுவும் கெய்ர்னும் ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியிலும் பக்கத்துத் தீவுகளிலும் நரி, நீர்நாய், எலி போன்றவற்றைப் பிடிக்க வளர்க்கப்பட்ட நாய்களின் வழிவந்தவை. அங்கே கற்களை அடுக்கிக் குவித்து வைத்திருப்பதற்குப் பெயர் கெய்ர்ன். அந்தக் கற்களின் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும் பிராணியை உள்ளே நுழைந்து விரட்டுவது இந்த நாய்களின் வேலை. ஒரே ஈற்றில் வெள்ளைக் குட்டியும் கோதுமை நிறக் குட்டியும் சேர்ந்தே பிறந்த காலம் ஒன்று இருந்தது.

ஸ்காட்லாந்தின் பொல்டலாக் என்ற எஸ்டேட்டைச் சேர்ந்த எட்வர்ட் டொனால்ட் மால்கம் என்ற ராணுவ அதிகாரி, வேட்டையின்போது தன்னுடைய செந்நிற டெரியரை நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டாராம். அந்த வேதனையில்தான் இனி வெள்ளை நாய்களை மட்டும் வளர்ப்பது என்று தீர்மானித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்டியும் கெய்ர்னும் தனித்தனி இனங்களாகப் பதிவாயின. இரண்டையும் கலந்து பிறந்த நாய்களைப் பதிவு செய்வதில்லை என்று அமெரிக்கன் கென்னல் கிளப் 1917-இல் நிறுத்திக்கொண்டது. அதாவது முழுசாகப் பிரிந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. சில பரம்பரை நோய்கள் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது இதனால்தான்.

பார்வைக்கு எப்படி? கெய்ர்ன் தோள் வரை 28 முதல் 31 சென்டிமீட்டர் உயரம், 6 முதல் 7.5 கிலோ எடை. வெஸ்டி ஏறக்குறைய 28 சென்டிமீட்டர், ஆனால் உடம்பு கொஞ்சம் கட்டை குட்டையாக இருக்கும், எடையும் 7 முதல் 10 கிலோ வரை போகும். வெஸ்டிக்கு வெள்ளை மட்டும்தான். கெய்ர்னுக்கு வெள்ளை தவிரக் கிட்டத்தட்ட எல்லாம் உண்டு: கோதுமை, கிரீம், சிவப்பு, சாம்பல், வரிவரியாகக் கலந்த கருமை. இன்னொன்று, கெய்ர்னின் நிறம் வயது ஏற ஏற மாறும். எங்களுடையது வரும்போது தேன் நிறம். இப்போது முகமும் காதும் கரிப்பிடித்தது போல இருக்கின்றன. அதனால் குறிப்பிட்ட ஒரு நிறத்துக்காகக் கெய்ர்ன் குட்டியைத் தேடுவது வீண். ஆயுள் இரண்டுக்கும் பொதுவாக 12 முதல் 15 வருடம்.

படி 1: முதலில் டெரியர் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் போகிற நாய். மடியில் உட்காரும் அளவுதான் இருக்கிறது என்பதால் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் நாய் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இவை ஏன் இப்படிக் குரைக்கின்றன? வளைக்குள் போன நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கும் ஆளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே சத்தமாக, விடாமல் குரைக்கும் நாய்களைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை? இருட்டு வளைக்குள் பல்லைக் காட்டும் ஒரு பிராணியின் எதிரே நிற்கும்போது, என்ன செய்வது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. தானே முடிவெடுக்கிற நாய்தான் அந்த வேலைக்கு உதவும். அந்தக் குணம்தான் இன்றைக்கு உங்கள் வீட்டுக்குள் வந்து, மூன்று முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் செடியின் வேரைத் தோண்டுகிறது. அதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். அதன் தொழில் அது.

எனவே இந்த இரண்டில் எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

தோண்டும். வேலி இருந்தால் அதன் அடியில் தோண்டி வெளியே போய்விடும். கம்பி வலையை வேலியின் கீழிருந்து உள்பக்கமாக ஒரு அடிக்கு மடக்கி மண்ணில் புதைத்தால் நின்றுவிடும். கூடவே தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, அதற்குள் பொம்மையைப் புதைத்துக் கொடுங்கள். தோண்டாதே என்று சொல்வதைவிட இங்கே தோண்டு என்று காட்டுவது சுலபம்.

ஓடும். அணிலோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் காது அடைத்துவிடும். திறந்த இடத்தில் லீஷைக் கழற்றிவிடாதீர்கள். எவ்வளவு நன்றாகப் பழகிய நாயாக இருந்தாலும் சரி. நீளமான பயிற்சிக் கயிறு ஒன்று இருந்தால் அதற்கும் சுதந்திரம், உங்களுக்கும் நிம்மதி.

சின்னப் பிராணிகளைத் துரத்தும். வீட்டில் முயல், வெள்ளெலி, பறவைகள் இருந்தால் டெரியர் வேண்டாம் என்பது என் கருத்து. கூண்டில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்ல வேண்டாம், நாள் முழுக்கக் கூண்டையே வெறித்துக்கொண்டிருக்கும் ஒரு வேட்டை நாயின் எதிரே வாழ்வது அந்த முயலுக்குக் கொடுமை. பூனையோடு குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இதைப் படித்ததும் மனம் சுருங்கினால், வேறு வகை நாயைப் பாருங்கள். பரவாயில்லை, இந்தக் கதையோடு ஒத்துவரலாம் என்று தோன்றினால் தொடருங்கள். இந்தக் குட்டி நாய்களுக்கு இருக்கும் தைரியமும் கலகலப்பும், வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு வரவேற்கும் அழகும் மற்ற எல்லாத் தொல்லையையும் மறக்கடிக்கும்.

படி 2: ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். காலையில் யார் நடத்திக் கூட்டிப்போவது, சாயங்காலம் யார், வெளியூர் போனால் யார் பொறுப்பு, மருத்துவரிடம் யார் தூக்கிப்போவது, எல்லாவற்றையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளையாகச் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நடையும் விளையாட்டும் வேண்டும். அதற்கு மேல் மூளைக்கும் வேலை வேண்டும். பழைய துண்டு ஒன்றை விரித்து, நடுவில் நாலைந்து தீனித் துண்டுகளைத் தூவிச் சுருட்டிக் கொடுத்துப் பாருங்கள். மூக்கால் தள்ளி, காலால் பிரித்துப் பத்து நிமிடம் அதிலேயே மூழ்கியிருக்கும். நல்ல களைப்பு அதற்கு வந்துவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட, சொன்னால் புரிந்துகொள்கிற குழந்தைக்கு இந்த நாய்கள் அருமையான தோழன். பந்து போட்டால் அலுக்காது, மழையில் நனைந்தாலும் கூடவே வரும். தவழும் குழந்தையோ நடை பழகும் குழந்தையோ இருந்தால் நான் இன்னும் இரண்டு மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வேன். காதைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ளும் வகை நாய்கள் அல்ல இவை. பொம்மையையும் தீனியையும் தன்னுடையது என்று காக்கிற குணமும் உண்டு.

நாய்க்குப் பிடிக்காதபோது அது முதலில் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரக்கண்ணால் பார்க்கும், உடம்பு விறைக்கும். அப்புறம்தான் உறுமும். இந்த வரிசையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உறுமினதற்காக நாயை அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

இந்த விஷயங்களில் வெஸ்டிக்கும் கெய்ர்னுக்கும் சொல்லத்தக்க பெரிய வித்தியாசம் இல்லை. என் அனுபவத்தில் வெஸ்டி கொஞ்சம் தன் போக்கில் இருக்கும், தொட்டதெல்லாம் தன் விருப்பப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கும். கெய்ர்ன் ஆளோடு இன்னும் ஒட்டும், சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும். ஆனால் இது இரண்டு நாய்களை வைத்துச் சொல்வது. இனத்துக்கு இனம் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் அதிகமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

படி 3: தோலையும் முடியையும் தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகப் படியுங்கள்.

தோல் ஒவ்வாமை அதிகமாக வரும் இனங்களில் வெஸ்டி ஒன்று. மருத்துவர்கள் இதை ஏடோபிக் டெர்மடைடிஸ் என்பார்கள். காற்றில் இருக்கும் மகரந்தம், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சை போன்ற சாதாரண விஷயங்களை உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டு அரிக்கத் தொடங்கிவிடும். பொதுவாக 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தலைகாட்டும். இங்கேதான் சிக்கல். நீங்கள் 8 வாரக் குட்டியைத் தூக்கும்போது அதன் தோல் பட்டு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

எப்படித் தெரியவரும்? முதலில் பாதம். நாயின் எச்சிலில் போர்ஃபைரின் என்ற நிறமி இருக்கிறது. நக்க நக்க அது முடியில் படிந்து செம்பழுப்புக் கறையாகும். வெள்ளை நாயில் இது பளிச்சென்று தெரியும் என்பது ஒருவகையில் நல்லது. அப்புறம் முகத்தைச் சோபாவில் தேய்க்கும், காதைச் சொறியும், அக்குளும் அடிவயிறும் சிவக்கும். சொறிந்து சொறிந்து புண்ணான இடத்தில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகிவிட்டால் தோல் பிசுபிசுப்பாகி, யானைத் தோல் போலத் தடித்துக் கறுத்து, புளித்த வாடை வீசும். எங்கள் நாய்க்கு அக்குளில் அப்படி ஆனது. கட்டிப்பிடிக்க வந்த குழந்தை மூக்கைச் சுருக்கிக்கொண்டு விலகியதையும், நாய் அங்கேயே வாலைத் தாழ்த்தி நின்றதையும் என்னால் மறக்க முடியவில்லை.

இதை முழுசாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம். உணவு காரணமா என்று பார்க்க மருத்துவர் ஒரே வகைச் சிறப்பு உணவைக் குறைந்தது 8 வாரம் கொடுக்கச் சொல்வார். அந்த 8 வாரமும் வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. வீட்டில் ஒருவர் மட்டும் பாசத்தில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் கூடக் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மருந்து ஷாம்பு கொடுத்தால் தேய்த்த உடனே அலசிவிடக் கூடாது, பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். நனைந்த நாயைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பது லேசான வேலை இல்லை. நாங்கள் குளியலறைச் சுவரில் ஒரு கடிகாரத்தையே மாட்டிவிட்டோம். வாரத்தில் இரண்டு முறை இதைச் செய்த மாதங்களும் உண்டு. மாத்திரை, ஊசி, காதுக்குச் சொட்டு மருந்து எல்லாம் தனி. வருடக்கணக்கில் போகும் செலவு இது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வெஸ்டிக்கும் இது வருவதில்லை. கடைசி வரை பாதம் வெள்ளையாகவே இருந்த வெஸ்டிகளும் எனக்குத் தெரியும். கெய்ர்னுக்கும் அலர்ஜி வரலாம். ஆனால் வாய்ப்பு வெஸ்டி பக்கம்தான் கூடுதல். அதைத் தெரிந்துகொண்டு எடுப்பது ஒன்று, தெரியாமல் எடுத்துவிட்டுத் தவிப்பது இன்னொன்று.

சரி, முடிக்கு வருவோம். இரண்டுக்கும் இரட்டை அடுக்கு: மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய முடி. மேல் முடி ஓரளவு வளர்ந்ததும் உயிரற்றுப் போய் அப்படியே நிற்கும். அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து எடுப்பதற்குப் பெயர் ஹேண்ட் ஸ்டிரிப்பிங். முதிர்ந்த முடி என்றால் லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிடும், நாயும் சும்மா நிற்கும். வராத முடியை வம்பாக இழுத்தால்தான் வலி. இப்படி எடுத்தால் அடுத்து வரும் முடியும் முரடாக, அழுக்கு ஒட்டாமல் வரும். கிளிப்பர் போட்டு வெட்டினால் நாளடைவில் முடி மென்மையாகி, சிக்கு பிடிக்கும். கெய்ர்னின் நிறமும் மங்கும்.

கெய்ர்னுக்கு வேலை குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை சீப்பு, கண் காது ஓரத்தில் கொஞ்சம் முடி எடுப்பது, அவ்வப்போது ஸ்டிரிப்பிங். கலைந்த தலையோடு இருப்பதுதான் அதற்கு அழகு. வெஸ்டியின் அந்த வட்ட முகம் தானாக வருவதில்லை. சாமந்திப் பூ மாதிரி அந்த வடிவம் கத்தரியும் கையும் சேர்ந்து உண்டாக்குவது, சில வாரத்துக்கு ஒருமுறை சீர்செய்ய வேண்டும். தோல் பிரச்சினை உள்ள வெஸ்டிக்கு ஸ்டிரிப்பிங் எரிச்சலைக் கூட்டலாம் என்பதால் பலர் கிளிப்பருக்கே மாறிவிடுவார்கள், நாங்களும் மாறினோம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த நாய்கள் முடி அதிகம் கொட்டாது, ஆகவே நாய் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஏற்றவை என்று சொல்லி விற்பார்கள். மனிதர்களுக்கு அலர்ஜியைத் தருவது முக்கியமாக நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டு. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ நாய் அலர்ஜியோ இருந்தால், நாய் இருக்கும் வீட்டுக்கு நாலைந்து முறை போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: என்ன சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள்

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல, சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

இரண்டு இனத்துக்கும் பொதுவானது குளோபாய்ட் செல் லூக்கோடிஸ்ட்ரஃபி என்ற நரம்பு நோய். குட்டிப் பருவத்திலேயே பின்னங்கால் தள்ளாடத் தொடங்கும், மருந்து கிடையாது. ஆனால் டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. தாய், தந்தை இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். அப்படி இணைந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பெற்றோரில் ஒன்றுக்கு அந்த மரபணு இல்லை என்று சான்று இருந்தால் போதும், இந்த ஒரு கவலை தீர்ந்தது. இதைக்கூடச் செய்யாத பிரீடரிடம், அதாவது குட்டிகளை இனவிருத்தி செய்து விற்பவரிடம், வாங்காதீர்கள்.

தாடை எலும்பு தடித்து வாயைத் திறக்கும்போது வலிக்கும் ஒரு நோயும் இரண்டுக்கும் உண்டு, வெஸ்டிக்கு அதிகம். 3 முதல் 8 மாதக் குட்டி சாப்பாட்டைப் பார்த்து ஓடி வந்து, வாயை வைத்ததும் கத்திக்கொண்டு விலகினால் உடனே மருத்துவரிடம் போங்கள். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவரைக்கும் வலிக்கு மருந்து தேவை. முழங்கால் சில்லு விலகுவதும் இரண்டிலும் பார்க்கிறோம்.

வெஸ்டியிடம் அதிகம் பார்ப்பவை: கண்ணீர் வற்றிக் கண் உலர்ந்துபோவது, நடுவயதுக்கு மேல் நுரையீரல் தழும்பாகி மூச்சு வாங்குவது. இரண்டாவது நோயை வெஸ்டி நுரையீரல் என்றே அழைக்கிறார்கள். வயதான வெஸ்டி வழக்கமான நடைக்கு நடுவே நின்று நின்று வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

கெய்ர்னில் பார்க்க வேண்டியது கல்லீரல். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் குறுக்கு வழியில் உடம்புக்குள் போய்விடும் பிறவிக் கோளாறு சில குட்டிகளுக்கு இருக்கும். மற்றவை வளரும்போது ஒன்று மட்டும் சின்னதாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகு மந்தமாகித் தள்ளாடும். பித்த அமிலம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தெரிந்துவிடும். நல்ல பிரீடர்கள் குட்டியை விற்பதற்கு முன்னாலேயே இதைச் செய்திருப்பார்கள். நடுவயதுக் கெய்ர்னின் கண்ணில் நிறமி படிந்து அழுத்தம் ஏறுவதும் உண்டு, அதனால் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுவது நல்லது.

படி 5: நேரில் போய், தாய் நாயின் பாதத்தைப் பாருங்கள்

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். குட்டி பிறந்த வீட்டுக்கே போங்கள். தாயைக் காட்ட முடியாது, வெளியே போயிருக்கிறது என்றெல்லாம் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

தாயைக் காட்டினால், பழகவிட்டு, உரிமையாளரின் அனுமதியோடு அதன் முன்னங்காலைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கை விலக்குங்கள். தோல் வெளிர் ரோஜா நிறத்தில், உலர்ந்து, வாடையில்லாமல் இருக்க வேண்டும். செம்பழுப்புக் கறை, ஈரம், புளித்த வாடை இருந்தால் அந்தத் தாயின் குட்டி வேண்டாம். காதையும் முகர்ந்து பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன வயது என்று கேளுங்கள். ஒவ்வாமை 3 வயதுக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும் என்பதால், 3 வயது தாண்டிய, மருந்து எதுவும் இல்லாமல் தோல் சுத்தமாக இருக்கும் பெற்றோரின் குட்டிக்கு வாய்ப்பு நன்றாக இருக்கும். உறுதி சொல்ல முடியாது, ஆனால் நம் கையில் இருப்பது இவ்வளவுதான், அதைச் செய்துவிட வேண்டும்.

தாயின் குணத்தையும் கவனியுங்கள். புது ஆளைப் பார்த்துக் குரைத்தாலும் ஐந்து நிமிடத்தில் தணிந்து வாலாட்டி வந்தால் நல்லது. மூலையில் ஒடுங்கி நடுங்குகிற தாய் என்றால் குட்டிகளும் அந்தப் பயத்தைக் கற்றிருக்கும். குட்டிகள் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரை பார்க்கிற, கேட்கிற, தொடுகிற எல்லாவற்றையும் இது சகஜம் என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளும் காலம். அந்தக் காலத்தில் பாதியைக் கூண்டுக்குள்ளேயே கழித்த குட்டியை வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. 8 வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்கச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

அப்படியானால் எது?

என்னைக் கேட்டால், முதன்முதலாக நாய் வளர்க்கும் குடும்பம், வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் என்றால் கெய்ர்ன். பராமரிப்பு குறைவு, தோல் கவலை குறைவு, கலைந்த முடியோடு குழந்தைகளுக்கு நடுவே உருளலாம்.

மனம் வெஸ்டியை விட்டு வரவில்லையா? அதுவும் நியாயமே, நானும் அதை ஆசையாக வளர்த்தவன்தான். அப்படியானால் குட்டிக்குப் பதிலாக 4, 5 வயதான ஒரு வெஸ்டியைத் தத்தெடுக்க முடியுமா என்று தேடிப் பாருங்கள். உரிமையாளர் இறந்தோ வீடு மாறியோ கைவிடப்பட்ட நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளில் இப்படிக் கிடைக்கும். அந்த வயதில் அதன் தோல் எப்படிப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும், குழந்தைகளோடு எப்படி என்பதும் தெரிந்துவிடும். குட்டியிடம் யூகிக்க வேண்டிய எல்லாமே அதனிடம் கண்ணெதிரே இருக்கும். பலர் இதை இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். இந்த இனத்தைப் பொறுத்தவரை இதுதான் கெட்டிக்காரத்தனமான வழி என்பேன்.

படி 6: வீட்டுக்கு வந்த முதல் வாரம்

வரும் முன்பே மருத்துவரிடம் நேரம் வாங்கிவையுங்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து அட்டவணையை அவரே எழுதிக்கொடுப்பார். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், இவையெல்லாம் நாய்க்கு விஷம். கைக்கு எட்டாத இடம் என்பது போதாது, மூடி போட்ட இடமாக இருக்கட்டும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே தூக்கிப்போங்கள். போன இடத்திலேயே காரியம் முடிந்ததும் அங்கேயே ஒரு சின்னத் தீனித் துண்டு. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது.

அப்புறம், முதல் நாளிலிருந்தே தினமும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மடியில் வைத்து ஒவ்வொரு பாதமாகப் பிடியுங்கள், விரல் இடுக்கைத் தொடுங்கள், காதை மடக்கிப் பாருங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைத் தேயுங்கள், சீப்பால் இரண்டு இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனித் துண்டு. வாழ்நாள் முழுக்க இந்தப் பாதங்களைத் தொட வேண்டியிருக்கும், இப்போதே பழகிவிட்டால் பிற்காலத்தில் போராட்டம் இல்லை. எங்கள் கெய்ர்ன் இன்று சீப்பை எடுத்த சத்தம் கேட்டாலே வந்து முன்னங்காலை நீட்டுகிறது. வெஸ்டியிடம் இதைத் தாமதமாகத் தொடங்கியதால், ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

முதல் ராத்திரி குட்டி அழும். தாயின் வாசம் பட்ட துணி ஒன்றைப் பிறந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்து, குட்டி தூங்கும் கம்பிக் கூண்டான கிரேட்டுக்குள் விரியுங்கள். கிரேட்டைக் கூடத்தில் தனியாக வைக்காதீர்கள். கட்டிலை ஒட்டி, உங்கள் கை தொங்கினால் எட்டுகிற இடத்தில் வையுங்கள். முனகல் கேட்டதும் விளக்கைப் போட வேண்டாம், பேச வேண்டாம், கம்பிக்கு நடுவே விரலை மட்டும் நீட்டுங்கள். மோந்து பார்க்கும், ஈர மூக்கை ஒருமுறை அழுத்தும், மெல்லத் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடும். விடியற்காலை 3 மணிக்கு மறுபடி முனகினால் அது தனிமைக்கான முனகலாக இருக்காது. தூக்கிக்கொண்டு நேரே வெளியே போங்கள்.